பிஎச் அளக்கிறவங்க கேட்ட கேள்விகளும் பதில்களும்

சாயப்பட்டறை லேப்ல தண்ணி, சாயக் கரைசல், துணி மூணுக்கும் பிஎச் பார்க்கிறது என் வேலை. பிஎச்ங்கிறது ஒண்ணு எவ்வளவு அமிலம், எவ்வளவு காரம்னு சொல்ற எண்: 7 நடுநிலை, கீழே போனா அமிலம், மேலே போனா காரம். படிச்சது வேதியியல். அந்த அனுபவத்துல பதில் சொல்றேன். உடம்பு சம்பந்தப்பட்ட சந்தேகங்களை டாக்டர்கிட்டயே கேளுங்க.

கேள்வி (பிளஸ் டூ மாணவி, கரூர்): அண்ணா, பிஎச் 3க்கும் 5க்கும் ரெண்டுதானே வித்தியாசம், ஏன் 100 மடங்குன்னு போட்டிருக்கு? பிஎச் 4 அமிலத்தையும் பிஎச் 6 அமிலத்தையும் சம அளவு கலந்தா 5 வரும்னு எழுதினேன். மிஸ் தப்புன்னு அடிச்சுவிட்டுட்டாங்க.

பதில்: மிஸ் அடிச்சது சரிதான்மா. பிஎச் ஒரு மடக்கை (லாகரிதம்) எண், அதாவது ஹைட்ரஜன் அயனியோட அளவைப் பத்தோட அடுக்கா எழுதி, மைனஸை விட்டுட்டுச் சொல்றது. பிஎச் 3ன்னா லிட்டருக்கு 0.001 மோல் (துகள்களை எண்ணுற அலகு) ஹைட்ரஜன் அயனி. பிஎச் 5ன்னா 0.00001 மோல். ஒரு படி இறங்கினா அயனி 10 மடங்கு ஏறும், ரெண்டு படின்னா 100 மடங்கு.

அதனால பிஎச்சை நேரடியாக் கூட்டிச் சராசரி எடுக்கக் கூடாது. அயனியா மாத்திட்டுத்தான் கூட்டணும். 4ல இருக்கிறது 0.0001, 6ல இருக்கிறது 0.000001. கூட்டி ரெண்டால வகுத்தா 0.0000505. அதுக்கு மடக்கை எடுத்தா 4.3 வரும். ஹைட்ரோகுளோரிக் மாதிரி வலிமை மிகு அமிலங்களுக்கு இந்தக் கணக்கு. வலிமை குறைந்த அமிலம்னா வேற கதை, கீழே ஊறுகாய்க் கேள்வியில வருது.

கேள்வி (அதே மாணவி): 10⁻⁸ மோலார் (லிட்டருக்கு 10⁻⁸ மோல்) ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு சூத்திரத்துல போட்டா பிஎச் 8 வருது. அமிலம் எப்படிண்ணா காரமாகும்?

பதில்: ஆகாது. நீ அமிலத்தை மட்டும் எண்ணிட்டு, அது கரைஞ்சிருக்கிற தண்ணியை விட்டுட்ட. தண்ணியிலயே 10⁻⁷ அளவு அயனி இருக்கு, நீ போட்ட அமிலம் அதுல பத்துல ஒரு பங்குதான். ரெண்டையும் சேர்த்து இருபடிச் சமன்பாடு போட்டா 6.98 வரும். நுழைவுத் தேர்வுல பிடிச்ச கேள்வி இது, போட்டுப் பார்த்து வச்சுக்கோ.

கேள்வி (அரசுப் பள்ளி ஆசிரியர், தர்மபுரி மாவட்டம்): பிஎச் 0லிருந்து 14 வரைதான்னு பாடத்துல இருக்கு. ஒரு பையன் மைனஸ் வருமான்னு கேட்டான், சமாளிச்சு அனுப்பிட்டேன். இந்த அளவுகோல் எங்கிருந்து வந்ததுன்னும் சொன்னா வகுப்புல சொல்வேன்.

பதில்: வரும்னு தைரியமாச் சொல்லுங்க சார். கடையில வர்ற அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுமார் 12 மோலார். அதோட பிஎச் பூஜ்ஜியத்துக்குக் கீழதான். கலிஃபோர்னியாவில் அயர்ன் மவுண்டன்ல ஒரு பழைய சுரங்கம் இருக்கு. அங்கே பைரைட்ங்கிற இரும்பு-கந்தகக் கனிமம் காற்றும் நீரும் பட்டுக் கந்தக அமிலமாகிச் சொட்டுற தண்ணியில மைனஸ் 3.6 வரை அளந்திருக்காங்க. 0லிருந்து 14ங்கிறது சாதாரணக் கரைசல்கள் உட்கார்ற இடம், அவ்வளவுதான்.

அளவுகோல் பிறந்தது பீர் கம்பெனியோட ஆய்வுக்கூடத்துல. டென்மார்க்கில், கோபன்ஹேகன்ல இருக்கிற கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்துல வேலை பார்த்த சோரன் சோரன்சன் 1909ல் இதைக் கொண்டுவந்தார். நொதிகள் வேலை செய்யிற வேகம் ஹைட்ரஜன் அயனியைப் பொறுத்து மாறுது. ஒவ்வொரு தடவையும் 0.0000032ன்னு எழுதிட்டு இருக்க முடியுமா? மடக்கையில சொன்னா 5.5, முடிஞ்சுது.

மீட்டர் பரவலா வந்தது ஒரு எலுமிச்சைத் தகராறுல. 1934ல் கலிஃபோர்னியாவில் பழச்சாறு தயாரிக்கிறவங்க சாற்றுல சல்ஃபர் டைஆக்சைடு கலந்திருந்தாங்க, லிட்மஸ் வெளுத்துப்போச்சு. அங்கே வேலை பார்த்த நண்பர் ஒருத்தர் உதவி கேட்டதுக்காக ஆர்னால்டு பெக்மன் வால்வு வச்ச பெருக்கியோட கண்ணாடி மின்முனையை (கரைசல்ல முக்கினா பிஎச்சுக்கேத்த சின்ன மின்னழுத்தம் கொடுக்கிற கண்ணாடிக் குமிழ்) சேர்த்து ஒரு கருவி செஞ்சு கொடுத்தார். கண்ணாடி மின்முனை அதுக்கு முன்னாடியே இருந்தது. ஆனா அதோட மின்தடை ரொம்ப அதிகம், சாதாரண மீட்டரால அந்தச் சின்ன மின்னழுத்தத்தைப் படிக்க முடியலை.

கேள்வி (வீட்டில் ஊறுகாய் செய்து விற்பவர், நாகர்கோவில்): என் எலுமிச்சை ஊறுகாய்க்கு மீட்டர் 3.4 காட்டுது. வெளியே கொடுத்துப் பார்த்த அறிக்கையில பிஎச்சும் தனியா இருக்கு, "அமிலத்தன்மை இத்தனை சதவீதம்"னும் இருக்கு. ரெண்டும் ஒண்ணுதானே தம்பி?

பதில்: இல்லக்கா. ரொம்பப் பேர் குழம்புற இடம் இதுதான்.

பிஎச் சொல்றது இந்த நொடியில தனியாப் பிரிஞ்சு நிற்கிற ஹைட்ரஜன் அயனியை மட்டும். அமிலத்தன்மை சதவீதம் சொல்றது மொத்தக் கையிருப்பை. 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு பிஎச் சுமார் 1. அதே 0.1 மோலார் அசிட்டிக் அமிலத்துக்கு, அதாவது வினிகர்ல இருக்கிறதுக்கு, பிஎச் 2.9. அசிட்டிக்ல நூற்றுக்கு ஒண்ணு போலத்தான் பிரிஞ்சிருக்கும், மீதி மூலக்கூறாவே உட்கார்ந்திருக்கும். ஆனா பியூரெட்ல (அளவு போட்ட, சொட்டுச் சொட்டா விடுற குழாய்) சோடியம் ஹைட்ராக்சைடுங்கிற காரம் விட்டு நடுநிலையாக்கினா ரெண்டும் ஒரே அளவு காரத்தைக் குடிக்கும். பிரிஞ்ச அயனி தீரத் தீர, உட்கார்ந்திருந்த மூலக்கூறு பிரிஞ்சு வந்துட்டே இருக்கும்.

இன்னொரு பக்கமாப் பாருங்க. 2.9 காட்டுற வரைக்கும் தண்ணியில ஹைட்ரோகுளோரிக்கை நீர்த்துட்டு, அதே 2.9 காட்டுற அசிட்டிக்கையும் பக்கத்துல வச்சா, மீட்டருக்கு ரெண்டும் ஒண்ணு. காரத்தை ஊத்தினா அசிட்டிக்குக்கு சுமார் 75 மடங்கு அதிகம் வேணும். மீட்டரை மட்டும் நம்பி "அமிலம் கம்மியாத்தான் இருக்கு"ன்னு முடிவு பண்றவங்க மாட்டிக்கிறது இங்கேதான்.

உங்களுக்கு ரெண்டுமே தேவை. பாதுகாப்புக்கு பிஎச்: 4.6க்குக் கீழே இருந்தா பொட்டுலிசம் விஷத்தை உண்டாக்கிற கிருமி வளராது, 3.4ல நீங்க நல்ல தூரத்துல இருக்கீங்க. புளிப்புக்கும் தரம் மாறாம இருக்கவும் சதவீதம். அளக்கும்போது எண்ணெயைப் பிரிச்சு எடுத்துட்டு, துண்டு, சாறு எல்லாம் சேர்த்து அரைச்சு அளங்க. எண்ணெய் கண்ணாடிக் குமிழ்ல படிஞ்சா எண் சோம்பேறித்தனமா நகரும். மேல நிற்கிற சாற்றை மட்டும் அளந்தா காய்த்துண்டோட நடுவுல என்ன இருக்குன்னு தெரியாது. போட்ட புதுசுல உள்ளே புளிப்பு ஏறியிருக்காது.

கேள்வி (கல்லூரி மாணவர், மதுரை): புது மீட்டர் வாங்கி டிஸ்டில்டு வாட்டர்ல விட்டா 5.8 காட்டுது, நிற்காம ஓடிட்டே இருக்கு. 7 தானே வரணும்? மாத்தித் தரச் சொல்லலாமா?

பதில்: மாத்தாதீங்க தம்பி, மீட்டர் மேல தப்பில்லை. டிஸ்டில்டு வாட்டர் மீட்டரைச் சோதிக்க மோசமான தேர்வு. காற்றுல இருக்கிற கார்பன் டைஆக்சைடு கரைஞ்சு தண்ணி தானாவே 5.6 பக்கம் இறங்கும். சுத்தமான மழைத்தண்ணியும் அங்கேதான் நிற்கும். மேலும் அதுல அயனி ரொம்பக் கம்மிங்கிறதால மின்முனைக்குப் பிடிமானம் கிடையாது, அதான் ஓட்டம்.

பஃபர்ல, அதாவது பிஎச் இவ்வளவுன்னு தெரிஞ்ச, லேசுல மாறாத கரைசல்ல சோதிங்க. முதல்ல 7ல வைங்க. மின்முனையைக் கழுவி, டிஷ்யூல ஒத்தி எடுங்க. அழுத்தித் தேய்க்காதீங்க, குமிழ்ல நிலைமின்சாரம் ஏறி எண் அலையும். அடுத்து 4.01. காரம் அளக்கிறதா இருந்தா 10.01உம் போடணும். 25 டிகிரியில ஒரு பிஎச்சுக்கு 59.16 மில்லிவோல்ட் மாறணும், அதுல உங்க மின்முனை எத்தனை சதவீதம் கொடுக்குதுன்னு மீட்டர் "ஸ்லோப்"னு காட்டும். 95க்கு மேல இருந்தா கவலையே வேண்டாம். நிரப்பு திரவம் ஊத்துற மாடல்னா அளக்கும்போது மேல இருக்கிற சின்ன ரப்பர் மூடியைத் திறந்து விடுங்க. பாதிப் பேர் இதை மறந்துட்டு எண் நிலைக்கலைன்னு புலம்புறாங்க.

டிஸ்டில்டு வாட்டர்ல மின்முனையை ஊற வச்சிருந்தா உடனே எடுங்க. 3 மோலார் பொட்டாசியம் குளோரைடுலதான் இருக்கணும்.

கேள்வி (லேப் டிரெய்னி, திருப்பூர்): சோப்பிங் (சாயம் ஏத்தின துணியை சோப்புல அலசுறது) முடிஞ்சு அசிட்டிக் ஆசிட் போட்டு நியூட்ரல் பண்ணினதும் மெஷின் தண்ணி 6 காட்டுது. துணி காய்ஞ்சு வந்ததும் பார்ட்டி (துணி வாங்குறவங்க) 8.2ன்னு ரிப்போர்ட் அனுப்புறாங்க. யார் மீட்டர் தப்புங்ண்ணா?

பதில்: ரெண்டு மீட்டரும் சரிங்க தம்பி. நீங்க தண்ணியை அளந்தீங்க, அவங்க துணியை அளந்தாங்க. ரியாக்டிவ் சாயத்தை (நூலோட வேதிப் பிணைப்பா ஒட்டுற சாயம்) பிஎச் 11 பக்கத்துல சோடா ஆஷ்ங்கிற காரம் போட்டு ஏத்துறோம், அந்தக் காரம் நூலுக்குள்ள புகுந்து உட்கார்ந்துக்கும். ஆசிட் போட்ட அஞ்சு நிமிஷத்துல வெளித்தண்ணி இறங்கிடும், நூலுக்குள்ள இருக்கிறது மெதுவாத்தான் வெளியே வரும். நல்லா ஓடவிட்டு, துணியைப் பிழிஞ்ச தண்ணியில பாருங்க. இல்லைன்னா ஈரத்துணி மேல யுனிவர்சல் இண்டிகேட்டர் (பிஎச்சுக்கேத்த மாதிரி நிறம் மாறுற திரவம்) ஒரு சொட்டு விடுங்க. மேலே மஞ்சளா இருந்து, மடிப்பைப் பிரிச்சு உள்ளே விட்டா பச்சை வந்தா இன்னும் ஒரு ஓட்டம் வேணும்னு அர்த்தம்.

பார்ட்டி செய்யிறது துணியோட பிஎச் அளக்கிறதுக்கான ஐஎஸ்ஓ 3071ங்கிற சர்வதேசத் தர முறை. 2 கிராம் துணியை வெட்டி 100 மில்லியில ரெண்டு மணி நேரம் குலுக்கி அளப்பாங்க. அதையே நீங்களும் அனுப்புறதுக்கு முன்னாடி செஞ்சு பாருங்க. ஓகோ-டெக்ஸ்ங்கிற துணிப் பாதுகாப்புச் சான்றிதழ்ல குழந்தைத் துணிக்கு 4.0லிருந்து 7.5 வரைதான் இடம், 8.2ன்னா லாட் திரும்பிடும்.

இன்னொண்ணு. 60 டிகிரித் தண்ணியை அப்படியே அளந்துட்டு மீட்டர்ல வெப்பச் சரிசெய்தல் இருக்கேன்னு இருக்காதீங்க. அது மின்முனையோட மில்லிவோல்ட் கணக்கைத்தான் சரி பண்ணும். கரைசலே சூட்டுல மாறுறதை அது சரி பண்ணாது. 60 டிகிரியில சுத்தமான தண்ணிக்கே நடுநிலை 6.5தான். ஆற வச்சு அளங்க, எந்த வெப்பநிலைன்னும் பக்கத்துல எழுதுங்க.

கேள்வி (இல்லத்தரசி, சென்னை): வீட்டுக்கு வந்த விற்பனைப் பையன் எங்க ஆர்ஓ தண்ணியில சொட்டு மருந்து விட்டான், மஞ்சளாச்சு. அவன் மெஷின் தண்ணி ஊதாவாச்சு. எங்க தண்ணி அமிலம், உடம்பைக் கெடுக்கும்கிறான்.

பதில்: வாங்காதீங்கம்மா. ஆர்ஓ தண்ணி 6.2 காட்டினாலும் அதுல அமிலக் கையிருப்புன்னு ஒண்ணும் பெரிசா இல்லை. குடிநீர்த் தர வரம்பு 6.5லிருந்து 8.5, அதைவிடக் கொஞ்சம் இறங்கியிருக்கு, அவ்வளவுதான். அவன் ஊதாத் தண்ணியிலயும் கையிருப்பு கம்மிதான். அடுத்த தடவை வந்தா அந்த டம்ளர்ல எலுமிச்சைச் சாறு ரெண்டு சொட்டு விடச் சொல்லுங்க, ஊதா நிற்குதான்னு பாருங்க. வயித்துல பிஎச் 2 பக்கத்துல அமிலம் காத்துட்டு இருக்கு. ரத்தத்தை 7.35க்கும் 7.45க்கும் நடுவுல வைக்கிற வேலையை நுரையீரலும் சிறுநீரகமும் பார்த்துக்குது.

கேள்வி (இறால் பண்ணைக்காரர், வேதாரண்யம்): காலையில குளம் 7.6, மத்தியானம் 8.9. ஒரே குளம், ஒரே மீட்டர். எதை நம்பறது?

பதில்: ரெண்டையும் நம்புங்க, அந்த இடைவெளிதான் செய்தியே. வெயில்ல பாசி கார்பன் டைஆக்சைடை இழுத்துக்குது, பிஎச் ஏறுது. ராத்திரி எல்லா உயிரும் மூச்சு விடுது, இறங்குது. ஒரு நாளைக்கு 0.5க்குள்ள ஆடினா நல்லது. உங்களுக்கு 1.3 ஆடுது, பாசி மிஞ்சிப்போச்சு.

பயப்பட வேண்டியது அம்மோனியாவுக்கு. 7.6ல மொத்த அம்மோனியாவுல விஷமான வடிவம் 100க்கு 3 போல இருக்கும். 8.9ல 30க்கு மேல போயிடும். காலையில டெஸ்ட் கிட்ல பார்த்துட்டு "கம்மிதான்"னு தீவனத்தைக் கொட்டினா மத்தியானம் இறால் சுருண்டுக்கும். காரத்தன்மையையும், அதாவது பிஎச் மாறாம தாங்கிப் பிடிக்கிற பைகார்பனேட் மாதிரிக் கையிருப்பையும் தனியா அளங்க. அது கம்மியா இருக்கிற குளம்தான் இப்படி ஆடும். பாட்டில்ல பிடிச்சு லேப்புக்கு அனுப்பாம கரையிலயே அளங்க, வழியில வாயு போயி எண் மாறிடும்.

கேள்வி (விவசாயி, திருச்சி மாவட்டம்): மண் பரிசோதனையில 9.1 வந்திருக்கு. சுண்ணாம்பு போடலாமான்னு யோசிக்கிறேன்.

பதில்: வேண்டாங்க, சுண்ணாம்பு அமில மண்ணுக்கு. உங்களுது களர் (சோடியம் மிஞ்சின கார மண்) மாதிரி தெரியுது. அதுக்கு ஜிப்சம். ஜிப்சம் அமிலம் இல்லை. அதுல இருக்கிற கால்சியம் மண் துகள்ல ஒட்டியிருக்கிற சோடியத்தைத் தள்ளிவிடும், நீங்க நல்ல தண்ணி கட்டி வடிச்சுடணும். வடிகால் இல்லாம ஜிப்சம் போட்டுப் பிரயோஜனம் இல்லை. எத்தனை மூட்டைங்கிறதை பிஎச்சை மட்டும் வச்சு சொல்ல முடியாது, மண் பரிசோதனை நிலையத்துலயே ஜிப்சம் தேவையையும் பார்த்துச் சொல்லச் சொல்லுங்க.

கேள்வி (ஆசிரியை, யாழ்ப்பாணம்): அண்ணை, எங்கட கிணத்துத் தண்ணியைக் கொதிக்க வைச்சால் கேத்திலிலை வெள்ளையாப் படியுது. ஆறின பிறகு பிஎச் முந்தினதை விடக் கூடக் காட்டுது. கொதிக்கேக்கை என்ன நடக்குது?

பதில்: உங்க ஊர் நிலத்தடி சுண்ணாம்புக்கல் டீச்சர். கார்பன் டைஆக்சைடு கலந்த மழைத்தண்ணி அதைக் கரைச்சு கால்சியம் பைகார்பனேட்டாக் கிணத்துக்குக் கொண்டுவருது. கொதிச்சதும் வாயு வெளியேறுது, பிஎச் ஏறுது, கரைஞ்ச சுண்ணாம்பு கார்பனேட்டாத் திரும்பப் படியுது. பிள்ளைகளைக் கொண்டு கொஞ்சம் வினிகர் ஊத்திப் பாருங்க, நுரைச்சுக் கரையும்.

கேள்வி (கல்லூரி லேப் உதவியாளர், சேலம்): மின்முனை எத்தனை நாள் வரும்? எப்போ தூக்கிப் போடணும்?

பதில்: நாளைப் பார்க்காதீங்க, ஸ்லோப்பைப் பாருங்க. இறங்கினா முதல்ல கழுவுங்க: எண்ணெய்னா சோப்புத் தண்ணி, பால், முட்டை மாதிரி புரதம்னா ஹைட்ரோகுளோரிக்ல கரைச்ச பெப்சின், உப்புப் படிவம்னா 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக்ல கொஞ்ச நேரம். அதுக்கப்புறமும் 90 சதவீதத்துக்குக் கீழயே நின்னா மாத்துங்க. மாத்துறதுக்கு முன்னாடி புது பஃபர்ல ஒரு தடவை பாருங்க. 10.01 பாட்டிலைத் திறந்து வச்சிருந்தா அது கார்பன் டைஆக்சைடை இழுத்துத் தானாவே இறங்கியிருக்கும். பீக்கர்ல ஊத்தின பஃபரை மிச்சம் பண்றேன்னு பாட்டில்ல திருப்பி ஊத்துற பழக்கம் உங்க லேப்ல இருந்தா அதையும் நிறுத்துங்க.