ரியாக்டிவ் முறையில் எளிய வெப்சாக்கெட் கிளையன்ட் எழுதுவது எப்படி?

பிரவுசரும் சர்வரும் தொடர்ந்து பேசிக்கொள்ளும் இணைப்பான வெப்சாக்கெட்டைத் திறந்து, ஆன்மெசேஜில் (தகவல் வந்ததும் ஓடும் ஃபங்ஷன்) வரும் தகவலைத் திரையில் காட்டினால் வேலை முடிந்துவிடுகிறதே, ஆர்எக்ஸ்ஜேஎஸ் (தொடர்ந்து வரும் தகவலை ஓர் ஓடையாகக் கையாளும் ரியாக்டிவ் முறைக்கான ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி) எதற்கு, அதில் எப்படி எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள். தகவல் வாங்க மட்டும் என்றால் அது தேவையே இல்லை. இணைப்பு அறுந்த பிறகு என்ன நடக்க வேண்டும் என்று எழுத உட்காரும்போதுதான் ரியாக்டிவ் முறையின் அருமை தெரியும்.

நான் பினாங்கில், பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறேன். மெஷின்களின் வெப்பநிலை, அழுத்தம் எல்லாம் வெப்சாக்கெட் வழியாக டேஷ்போர்டுக்கு வரும். சூப்பர்வைசர் டேப்லெட்டோடு ஒரு லைனிலிருந்து இன்னொரு லைனுக்கு நடப்பார். வைஃபை போய்ப் போய் வரும். அப்போது பழைய எண் திரையில் அப்படியே நின்றால், மெஷின் நன்றாக ஓடுகிறது என்று நம்பிவிடுவார். இதில் எனக்கு இவ்வளவு அக்கறை இருப்பதற்குக் காரணம் அதுதான்.

சரி, அடிப்படைக்கு வருவோம். வெப்சாக்கெட் 2011-இல் ஆர்எஃப்சி 6455 என்று தரப்படுத்தப்பட்டது. சாதாரண எச்டிடிபி கோரிக்கையாகத் தொடங்கி, சர்வர் 101 என்று பதில் தந்ததும் இரு பக்கமும் பேசும் இணைப்பாகிவிடும். ஆர்எக்ஸ்ஜேஎஸ்ஸில் உள்ள வெப்சாக்கெட் ஃபங்ஷனுக்கு முகவரியைக் கொடுத்தால் ஒரு சப்ஜெக்ட், அதாவது தகவலை வாங்கவும் அனுப்பவும் உதவும் ஆப்ஜெக்ட், கிடைக்கும். சப்ஸ்கிரைப் செய்தால் தகவல் வரும். நெக்ஸ்டை அழைத்தால் தகவல் போகும். தகவலை ஜேசான் என்ற எழுத்து வடிவத்துக்கு மாற்றும், திரும்பப் பிரிக்கும் வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும்.

யாராவது சப்ஸ்கிரைப் செய்யும்வரை இணைப்பே திறக்காது. கடைசி ஆள் விலகியதும் தானாக மூடிக்கொள்ளும். அப்படியென்றால் மறுபடி இணைவது என்பது மறுபடி சப்ஸ்கிரைப் செய்வதுதான். பிழை வந்தால் மறுபடி முயலும் ரீட்ரை ஆபரேட்டர் (ஓடையின்மேல் மாட்டும் ஃபங்ஷன்) செய்வதும் அதையே. பழைய சாக்கெட்டைத் துடைத்து, புதிதாகத் திறந்து, ஹேண்ட்லர்களை மறுபடி மாட்டும் கோட் எதையும் நீங்கள் எழுத வேண்டியதில்லை.

ஆனால் ரீட்ரை மட்டும் போட்டால் பாதி வேலைதான். சர்வர் முறையாக விடைபெற்று மூடினால் ஆர்எக்ஸ்ஜேஎஸ் அதைப் பிழையாக எடுத்துக்கொள்ளாது. கம்ப்ளீட் என்று முடித்துவிடும். ரீட்ரை பிழைக்குத்தான் அசையும். இரவில் சர்வரை அப்டேட் செய்து மறுபடி கிளப்பினால், காலையில் எல்லா டேப்லெட்டும் அமைதியாக உட்கார்ந்திருக்கும். அதற்கு, கம்ப்ளீட் ஆனதும் மறுபடி சப்ஸ்கிரைப் செய்யும் ரிப்பீட் ஆபரேட்டரும் வேண்டும், கொஞ்சம் டிலேயோடு.

இதைவிடக் கடினமானது, இணைப்பு செத்தும் யாருக்கும் தெரியாத நிலை. வைஃபை போனதும் சாக்கெட் உடனே சத்தம் போடும் என்று எதிர்பார்க்காதீர்கள். பல நேரம் திறந்தது போலவே இருக்கும். வெப்சாக்கெட் நெறிமுறையில் பிங், பாங் என்ற ‘இருக்கிறாயா, இருக்கிறேன்’ செய்திகள் உண்டு, ஆனால் பிரவுசர் அவற்றை ஜாவாஸ்கிரிப்டுக்குக் காட்டாது. ஆகவே 5 நொடிக்கு ஒருமுறை ஒரு சிறு செய்தி அனுப்பும்படி சர்வர் பக்கத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு டைம்அவுட் ஆபரேட்டரில் ஈச் என்பதற்கு (ஒரு தகவலுக்கும் அடுத்ததற்கும் இடையே அனுமதிக்கும் நேரம்) 15000 மில்லிநொடி கொடுங்கள். 15 நொடி எதுவும் வராவிட்டால் அது பிழையாகி, ரீட்ரைக்குப் போகும்.

வரிசை முக்கியம்: சப்ஜெக்ட், டைம்அவுட், ரிப்பீட், ரீட்ரை, கடைசியில், ஒரே இணைப்பை எல்லாருக்கும் பகிரும் ஷேர். திரையின் ஒவ்வொரு பகுதியும் ஷேருக்குப் பிறகு ஃபில்டர் போட்டுத் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளட்டும். ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி டைம்அவுட் வைத்தால், ஒன்று விலகினாலும் மற்றவை செத்த சாக்கெட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும், புதியது திறக்காது. எந்த மெஷினின் தகவல் வேண்டும் என்ற கோரிக்கையை வெப்சாக்கெட் ஃபங்ஷனின் ஓப்பன்அப்சர்வர் என்ற அமைப்பில் வைத்து அனுப்புங்கள். இணைப்பு திறக்கும் ஒவ்வொரு முறையும் அது தானாகப் போய்விடும்.

ரீட்ரையின் டிலேயை 1, 2, 4 நொடி என்று ஏற்றி, 30-இல் நிறுத்துங்கள். கூடவே கொஞ்சம் ரேண்டம் நேரம் சேருங்கள், இல்லாவிட்டால் சர்வர் எழுந்ததும் எல்லா டேப்லெட்டும் ஒரே நொடியில் மோதும். தகவல் மறுபடி வந்ததும் முயற்சி எண்ணிக்கையை முதலிலிருந்து தொடங்கவைக்கும் ரீசெட்ஆன்சக்சஸ் என்பதை ட்ரூ ஆக்க மறக்க வேண்டாம். இயல்பாக அது ஃபால்ஸ். அப்புறம், ரீட்ரை பிழையை விழுங்கிவிடும், திரைக்கு ஒன்றும் தெரியாது. அதனால் ரிப்பீட்டுக்கு முன்பே ஓடையை மாற்றாமல் எட்டிப்பார்க்கும் டேப் ஆபரேட்டர் ஒன்றை வைத்து, பிழை வந்தாலும் கம்ப்ளீட் வந்தாலும் எண்களைச் சாம்பல் நிறமாக்கி ‘தொடர்பு இல்லை’ என்று காட்டுங்கள். என்னைக் கேட்டால், கோட் முழுவதிலும் இதுதான் மிக அவசியமான வரி.

தகவல் வேகமாகக் கொட்டினால் ஆடிட்டைம் 200 போதும், 200 மில்லிநொடிக்கு ஒருமுறை கடைசி மதிப்பு மட்டும் திரைக்கு வரும். வரைபடத்துக்கு எல்லாப் புள்ளியும் வேண்டுமென்றால், அவற்றைச் சேர்த்து மொத்தமாகத் தரும் பஃபர்டைம்.

எழுதி முடித்ததும் மூன்று விதமாக உடைத்துப் பாருங்கள். சர்வரை முறையாக நிறுத்தினால் ரிப்பீட் வேலை செய்ய வேண்டும். பிராசஸைக் கில் செய்தால் 1006 (முறையாக மூடப்படாத இணைப்பு) என்ற குறியீட்டோடு பிழை வரும், ரீட்ரை பிடிக்கும். கடைசியாக டேப்லெட்டின் வைஃபையை அணையுங்கள். அதிகம் போனால் 15 நொடியில் எண்கள் சாம்பல் நிறமாக வேண்டும்.