கொழும்புத்துறையில் திருத்தின பழைய வீடு: பெயின்ற்றுக்குக் கீழே பாருங்கள்

வவுனியாவிலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறார். யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையில் களப்புக் கரைக்குக் கிட்ட மூன்றரைப் பரப்புக் காணியோடு ஒரு வீடு விலைக்கு வந்திருக்கிறது. அறுபதுகளில் கட்டியது. இரண்டு வருடத்துக்கு முன் முழுக்கத் திருத்தி, தரைக்கு மாபிள், கூரைக்குப் புதுச் சீற், பின்பக்கம் புதிதாக ஒரு அறையும் பாத்ரூமும் என்று ஆக்கியிருக்கிறார்கள். கனடாவிலிருக்கும் தம்பி பாதிப் பணம் தருவார், உறுதியில் தன் பெயரும் வர வேண்டும் என்கிறார். தரகரோ "லண்டன் பார்ட்டி ஒன்று அட்வான்ஸோடு நிற்குது" என்று அவசரப்படுத்துகிறார். "திருத்தின வீடுதானே, இனி என்ன பார்க்க இருக்கிறது?" என்பது ஆசிரியையின் கேள்வி.

டீச்சர், முதலில் அந்த லண்டன் பார்ட்டி நிற்கட்டும். முப்பது வருடமாக மற்றவர்களுக்காக வீடு பார்க்கப் போகிறேன். அந்தப் பார்ட்டி நிற்காத வீடு ஒன்றும் இன்னும் எனக்கு அகப்படவில்லை.

திருத்தின வீடு என்பதுதான் எனக்கு யோசனை. மாபிளும் சீற்றும் காசிருந்தால் யாரும் மாற்றலாம். நிலம், கிணறு, சுவரின் அடி, உறுதி ஆகிய நான்கையும் அப்படி மாற்ற முடியாது. கரையோர வீட்டுக்கு வருகிற கேடு முழுக்க இந்த நான்கின் வழியாகத்தான் வரும். நீங்கள் பார்க்க வேண்டியதும் அவற்றைத்தான்.

சுவரிலிருந்து தொடங்குவோம். எங்கள் பக்கத்துப் பழைய சுவர்களில் அநேகமானவை சுண்ணாம்புக் கல்லை வைத்துச் சுண்ணாம்புச் சாந்தால் கட்டியவை. நிலத்து ஈரம் அத்திவாரம் வழியாக ஏறும். களப்புப் பக்கத்து ஈரம் உப்பையும் கூட்டிக்கொண்டு ஏறும். பழைய சாந்து அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். பொரிகிற இடத்தைச் சுரண்டிப் பொங்கலுக்கு முன் சுண்ணாம்பு அடித்தால் அந்த வருடம் போகும். இப்போது திருத்துகிறவர்கள் அதே சுவருக்குச் சீமெந்துப் பூச்சு, அதற்கு மேல் பட்டி, அதற்கு மேல் பளபளவென்று பெயின்ற். ஈரத்துக்குப் போக வழியில்லை. அது இன்னும் மேலே ஏறும், உப்பு பூச்சுக்குப் பின்னால் பளிங்காகிப் பூச்சைத் தள்ளும்.

அதனால் போகும்போது கையில் ஒரு ஐந்து ரூபாய்க் குத்தி வைத்திருங்கள். தரையிலிருந்து ஓரடி, இரண்டடி, நாலடி உயரத்தில் சுவரைத் தட்டிப் பாருங்கள். இறுகின பூச்சு 'டிக்' என்று சொல்லும். சுவரை விட்டுக் கழன்ற பூச்சு பப்பாசிக் குழாயைத் தட்டியது போல வெறுமையாகக் கேட்கும். குசினியிலும் பாத்ரூமிலும் சுவருக்கு மாபிள் பதித்தால் சரி. விறாந்தைச் சுவரில் நாலடி உயரத்துக்கு மாபிள் என்றால் அழகுக்குப் பதித்தது என்று உடனே நம்பாதீர்கள். ஒரு முறை குருநகர்ப் பக்கம் இப்படி ஒரு வீடு. எல்லாச் சுவரும் முட்டைக்கோது மாதிரி இருந்தது. மூலையில் நின்ற அலுமாரியை மட்டும் கொஞ்சம் நகர்த்தலாமா என்று கேட்டேன். "அது பாரம் தம்பி" என்றார் வீட்டுக்கார அம்மா. இரண்டு பேராகப் பிடித்து இழுத்தோம். பின்னால் இடுப்பளவு உயரத்துக்குச் சுவர் பொரிந்து, தரையில் வெள்ளைத் தூள் குவிந்து கிடந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன், உப்பு. அந்த அம்மாவைக் குறை சொல்லவில்லை. விற்கிற யாரும் அலுமாரியை அங்கேதான் வைப்பார்கள்.

கொங்கிறீற்றுக்கும் உப்புத்தான் சத்துரு. யன்னலுக்கு மேலே நீட்டியிருக்கும் தட்டு, தண்ணீர்த் தொட்டியின் தூண், புது அறையின் கூரைத் தட்டு ஆகியவற்றின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பாருங்கள். கம்பி போகிற நேரிலேயே ஒரு வெடிப்பும் மண்ணிறக் கசிவும் இருந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்து வீங்குகிறது. துரு இரும்பை விடக் கூட இடம் பிடிக்கும், அதனால்தான் கொங்கிறீற் பிளக்கிறது. கழுவாத கடற்கரை மணல் போட்ட வேலையில் இது கெதியாக வரும். இன்னொன்றும் கேளுங்கள்: 90களில் வீட்டில் என்ன வேலை நடந்தது? வடக்குக்குச் சீமெந்து வரத் தடை இருந்த காலம் அது. ஷெல் பட்ட சுவரைக் கிடைத்ததை வைத்து ஒட்டிய வீடுகள் எத்தனையோ. ஒட்டியது குற்றமில்லை, ஒட்டின இடம் தெரிய வேண்டும்.

கூரையில் சீற் புதிது. அதைத் தாங்குகிற பனஞ்சிலாகை பழையதா என்று சீலிங்குக்கு மேல் ஒருவரை ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். வைரம் பாய்ந்த பனை உங்களையும் என்னையும் விடக் காலம் நிற்கும். இளம் மரமென்றால் கறையான் விடாது.

இனிக் கிணறு. என் கணக்கில் வீட்டு விலையில் பாதி இதில்தான் இருக்கிறது. குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. மாரி மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, கீழே இருக்கும் கடல்நீரின் மேல் வில்லை போல மிதக்கிறது. நன்னீர் உப்புநீரை விடப் பாரம் குறைவு என்பதால் இது நடக்கிறது. நிலத்தடி நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது புத்தகக் கணக்கு. குடாநாட்டின் நடுவே இது நல்ல சங்கதி. கரைக்கு வர வர நீர்மட்டம் கடலோடு சமமாகிவிடும். மேலே மூன்று அங்குலம்தான் என்றால் கீழே பத்தடிதான் நன்னீர். புத்தூர் நிலாவரைக் கிணற்றைப் பற்றிச் சின்ன வயதில் கேட்டிருப்பீர்கள், மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. உங்கள் கிணறும் அதே விதிதான், அளவு மட்டும் சின்னது.

துலாவால் அள்ளின காலத்தில் நன்றாக இருந்த கிணறு மோட்டர் வைத்ததும் உவர்ப்பதற்குக் காரணம் இது. ஒரே இழுவையாக இழுத்தால் கீழிருக்கும் உப்பு மேலே எழும்பும். "இன்னும் ஆழமாகக் குழாய்க் கிணறு அடித்தால் நல்ல தண்ணி வரும்" என்று யாராவது சொன்னால் காது கொடுக்காதீர்கள். இந்தக் கரையில் ஆழம் போகப் போக உப்புத்தான்.

நீங்கள் பார்க்கப் போவது தை மாதத்தில். மாரி முடிந்த கையோடு எந்தக் கிணறும் நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும். ஆவணி, புரட்டாதியில்தான் அதன் உண்மைக் குணம் தெரியும். அதுவரை பொறுக்க முடியாது, சரி. இரண்டு வெறும் போத்தல் கொண்டு போங்கள். மோட்டரைப் போட்டவுடன் ஒரு போத்தல், ஒரு மணித்தியாலம் ஓடவிட்டு மற்றது. இரண்டையும் ஆய்வுகூடத்தில் கொடுங்கள். குளோரைட்டு லீற்றருக்கு 250 மில்லிகிராம், நைத்திரேற்று 50 மில்லிகிராம் என்பவை இலங்கைக் குடிநீர்த் தரத்தின் எல்லைகள். முதல் போத்தலுக்கும் இரண்டாவதுக்கும் குளோரைட்டில் பெரிய வித்தியாசம் இருந்தால் அந்தக் கிணறு மோட்டரைத் தாங்காது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது சுண்ணாம்பு, யாழ்ப்பாணம் முழுக்க உண்டு.

ஆய்வுகூடத்தை விட நான் நம்புவது பக்கத்து வீட்டு அம்மாவை. "சோளகம் அடிக்கிற காலத்தில் இந்தத் தண்ணியைக் குடிக்கிறனீங்களோ, பவுசர் மறிக்கிறனீங்களோ?" என்று கேளுங்கள். அப்படியே அவருடைய வாழையையும் பாருங்கள். இலையின் ஓரம் சுற்றிவரக் கருகியிருந்தால் தண்ணீரில் உப்பு இருக்கிறது என்று வாழையே சொல்லிவிடும்.

குழாய்த் தண்ணீர் இருந்தால் கவலை பாதி குறையும். 2024 இல் தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் கொள்ளளவில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் திறந்தார்கள். ஆனால் "லைன் வருகுது" என்ற பேச்சை எடுக்காமல், இந்த வீட்டுக்கு வந்த தண்ணீர்ப் பில் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள்.

புதுப் பாத்ரூமின் மலக்குழி எங்கே? கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் குறைந்தது 50 அடி என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. வெடிப்புள்ள சுண்ணாம்புக் கல்லில் அதுவும் போதாமல் போகலாம். பக்கத்து வளவுக் குழியையும் அளந்து பாருங்கள். கிணற்றுக்கு வேலி தெரியாது.

நிலத்தைப் பற்றி உறுதியே பேசும். எங்கள் ஊரில் ஒவ்வொரு காணிக்கும் ஒரு பெயர் உண்டு, உறுதியில் அது இருக்கும். தரகர் அதை வாசிப்பதில்லை, நீங்கள் வாசியுங்கள். கலட்டி என்று முடிந்தால் கல்லு நிலம், மேடு. வளவு என்றால் பழைய குடிமனை. பள்ளம், தரவை, உவர் என்ற சொல் எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால், அந்தப் பெயரை வைத்தவர்கள் அங்கே தண்ணீர் நின்றதைப் பார்த்துத்தான் வைத்தார்கள். பிறகு மண் போட்டு உயர்த்தியிருக்கலாம், பெயர் மாறவில்லை.

அடுத்தது வாசல் படியை எண்ணுங்கள். அறுபதுகளில் கட்டியவர்கள் இரண்டு மூன்று படி வைத்திருப்பார்கள். இப்போது ஒரு படிதான் தெரிகிறது என்றால் மற்றது மண்ணுக்குள் போய்விட்டது. வீதிக்குக் காப்பெற் மேல் காப்பெற் போட்டு அது உயர, மழைத் தண்ணீர் உள்ளே வரத் தொடங்க, முற்றத்தையும் நிரப்பியிருப்பார்கள். நிரப்பினால் சுவரின் அடி மண்ணுக்குள் புதைந்து ஈரம் இன்னும் ஏறும். 2008 நிஷா, 2020 புரெவி, 2024 நவம்பர் வெள்ளம், இந்த மூன்றிலும் தண்ணீர் எதுவரை வந்தது என்று எதிர்வீட்டில் கேளுங்கள். வீட்டுக்காரரிடம் கேட்டால் "படலையோட நிண்டது" என்பார். பின் மதிலின் உட்பக்கத்தில் அழுக்குக் கோடு ஒன்று இருக்கும், பெரும்பாலும் அதற்குப் பெயின்ற் அடிக்க மறந்துவிடுவார்கள்.

பரப்பையும் அளக்க வேண்டும். மூன்றரைப் பரப்பு என்றால் உறுதியில் 3 பரப்பு 9 குழி இருக்க வேண்டும், 18 குழி ஒரு பரப்பு. உறுதியில் 2 பரப்பு 12 குழி, மதிலுக்குள் மூன்றரை என்றால், கூடுதலாக இருப்பது களப்புப் பக்கம் நிரப்பிச் சேர்த்த அரச காணியாக இருக்கக்கூடும். அதற்கு நீங்கள் காசு கொடுக்கக் கூடாது. உங்கள் செலவில் ஒரு நில அளவையாளரைக் கொண்டு அளந்து பாருங்கள். கரைக்குக் கிட்டக் கட்டுவதற்குக் கரையோரம் பேணும் திணைக்களத்தின் சட்டமும் பார்க்க வேண்டும். பின்பக்கத்துப் புது அறைக்கு மாநகர சபை அனுமதித்த வரைபடம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். சோலைவரிப் பற்றுச்சீட்டைக் காட்டி "எல்லாம் கிளியர்" என்பார்கள். வரி கட்டியது அனுமதி ஆகாது.

உறுதி விடயத்தை உங்கள் நொத்தாரிசு பார்க்கட்டும். விற்பவரின் நொத்தாரிசு வேண்டாம். அவர் 30 வருடத்துக்காவது பதிவேட்டைப் பார்க்க வேண்டும். தேசவழமையில், அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டத்தில், விற்பவர் மணமான பெண் என்றால் கணவரின் எழுத்துச் சம்மதம் வேண்டுமா என்றும் அவரிடம் கேளுங்கள். கணவர் காலமாகி, வீடு தேடியதேட்டம், அதாவது கலியாணத்துக்குப் பிறகு தேடிய சொத்து, என்றால் பாதி பிள்ளைகளுக்குப் போயிருக்கும். ஒரு பிள்ளை பாரிஸில், ஒன்று சிட்னியில் என்றால் அவர்களுக்காக இங்கே ஒருவர் கையெழுத்து வைக்க அதிகாரம் தரும் அற்றோணித் தத்துவம் வராமல் அட்வான்ஸ் என்ற பேச்சே வேண்டாம். பங்குக் காணியானால் மற்றப் பங்காளிகளுக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு. தாய் தகப்பனின் சீவிய உரித்து, அதாவது சாகும்வரை அனுபவிக்கும் உரிமை, எழுதியிருக்கிறதா, கிணறு பங்குக் கிணறா என்பதையும் பாருங்கள். முத்திரை வரி முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். இரண்டு கோடி என்றால் 7,99,000 ரூபாய். இதைக் கையிலிருக்கும் காசில் முதலே கழித்து வையுங்கள்.

எல்லாம் பார்த்த பிறகும் வீடு பிடித்திருந்தால் வாங்குங்கள். சுவர் பொரிவதற்காக ஒரு நல்ல வீட்டை விட வேண்டியதில்லை. சீமெந்துப் பூச்சைக் கழற்றிச் சுண்ணாம்புச் சாந்தால் திரும்பப் பூசலாம், அந்தச் செலவை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். கிணறு உவர், குழாயும் இல்லை, காணிப் பெயர் தரவை என்று மூன்றும் சேர்ந்தால் மட்டும் திரும்பி வாருங்கள். மாபிளுக்காக யாரும் கூடக் கேட்டால், அது அவர்களுக்குப் பிடித்த நிறம் என்று சொல்லுங்கள்.

கடைசியாக உங்கள் தம்பியின் விடயம். கனடாப் பிரஜையாகி, இலங்கைப் பிரஜாவுரிமையை இரட்டையாகத் திரும்ப எடுக்கவில்லை என்றால், 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டப்படி அவர் பெயரில் இந்தக் காணியை எழுத முடியாது, பாதியும் முடியாது. உறுதி உங்கள் பெயரில் மட்டும் வரும். அவர் தருவது கடனா, அன்பளிப்பா என்பதை இருவரும் தாளில் எழுதிக் கையெழுத்து வைத்துக்கொள்ளுங்கள், பணம் வங்கி வழியாக வரட்டும். இன்றிரவே அவருக்குக் கோல் எடுத்துக் கேளுங்கள் டீச்சர், அலுமாரியை நகர்த்துவது அதற்குப் பிறகு.