கொசு விரட்ட எதை வாங்கலாம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் கொசுவைப் பற்றித்தான். சுருக்கித் தந்திருக்கிறேன்.

காதுக்குக் கேட்காத ஒலியால் கொசுவை விரட்டும் பிளக் கருவி மூன்று வாங்கினேன், 1,350 ரூபாய். பத்து நாளாகியும் கொசு குறையவில்லை. இன்னும் எத்தனை நாள் ஆகும்?
- வாசகர், கானாடுகாத்தான்

குறையாது. ஒலியைக் கேட்டுக் கொசு ஓடுவதில்லை. திருப்பி அனுப்பும் தேதி முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள்.

கொசு பேட் இந்த வருடத்தில் இது மூன்றாவது. சார்ஜ் நிற்பதில்லை. கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார். பில் வாங்கவில்லை.
- வாசகர், காரைக்குடி

முதல் பேட் கெட்டபோதே பில் கேட்டு வாங்கப் பழகியிருக்க வேண்டாமா? போனில் பணம் கட்டியிருந்தால் அந்தப் பதிவைக் காட்டிக் கேளுங்கள். நாலாவதையாவது பில்லோடு வாங்குங்கள்.

ஆத்தா தனியாக இருந்தபோது இரண்டு பேர் வந்து, டெங்குவுக்காகப் பேரூராட்சி அனுப்பியது என்று சொல்லி ஆறு பாட்டில் கொசு மருந்தை 1,800 ரூபாய்க்கு விற்றுவிட்டுப் போயிருக்கிறார்கள். ரசீது இல்லை.
- வாசகி, பள்ளத்தூர்

முதலில் ஆத்தாவைத் திட்டாதீர்கள். வயதானவர் தனியாக இருக்கும் நேரம் பார்த்து, அரசாங்கத்தின் பெயரைச் சொல்லி ஏமாற்றியிருக்கிறார்கள். தப்பு அவர்களுடையது. உண்மையான கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர்கள் தொட்டியைத் திறந்து பார்ப்பார்கள், மருந்து ஊற்றுவார்கள். காசு கேட்க மாட்டார்கள், எதையும் விற்க மாட்டார்கள். அந்தப் பாட்டிலை மெஷினில் மாட்ட வேண்டாம், கொட்டவும் வேண்டாம். அதுதான் சாட்சி. காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். பேரூராட்சி அலுவலகத்திலும் சொல்லுங்கள், அடுத்த தெருவில் இன்னொரு ஆச்சி தப்பிக்கட்டும்.

சந்தையில் மூலிகைக் கொசுபத்தி வாங்கினோம். ஒன்று கொளுத்தினால் போதும், கொசு சுருண்டு விழுகிறது. பேரனுக்குத்தான் இருமல். மூலிகைதானே, பயப்பட வேண்டுமா?
- வாசகி, புதுவயல்

பயப்பட வேண்டும். இன்றே நிறுத்துங்கள். வருடக் கணக்கில் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், மறுபடியும் சொல்கிறேன். வேப்பிலையையும் நொச்சியையும் புகை போட்டால் கொசு கொஞ்சம் விலகும், அவ்வளவுதான். சுருண்டு விழுகிறது என்றால் உள்ளே பூச்சிக்கொல்லி இருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். நம் நாட்டில் பதிவே பெறாத மெபர்ஃபுளூத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இப்படிப்பட்ட பத்திகளில் அகப்பட்டிருக்கிறது. எவ்வளவு கலந்தார்கள், குழந்தை மூச்சில் எவ்வளவு போகிறது என்று யாருக்குத் தெரியும்?

1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி, கொசுவைக் கொல்லும் என்று விற்கும் பொருளுக்கு மத்தியப் பதிவு வேண்டும். அட்டையில் பதிவு எண், மருந்தின் பெயர், அதன் சதவீதம், தயாரித்தவர் முகவரி எல்லாம் இருக்க வேண்டும். நச்சு எவ்வளவு என்று காட்டும் வண்ணக் குறியும் இருக்கும். வேப்பிலைப் படம் மட்டும் இருந்தால் கையில் எடுக்காதீர்கள். பதிவு பெற்ற கொசுபத்திச் சுருளையும் கதவைச் சாத்திக்கொண்டு கொளுத்தக் கூடாது. ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் 75 முதல் 137 சிகரெட் அளவுக்கு நுண்துகள் வருகிறது என்று ஆய்வில் அளந்திருக்கிறார்கள்.

அட்டையைப் பத்திரமாக வையுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். நஷ்டஈடு கேட்பதென்றால் இரண்டு வருடத்துக்குள் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். வாங்கிய பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. பேரனை டாக்டரிடம் காட்டினீர்களா?

தேவகோட்டையில் எங்கள் பெரிய வீடு. முன்னோர் படைப்புக்கும் கல்யாணத்துக்கும்தான் வருகிறோம். முற்றத்துக்கு மேலே வலை, கொசு கொல்லும் நீல விளக்கு நாலு, மொத்தம் 65,000 ரூபாய் என்கிறார் ஒருவர். செய்யலாமா?
- வாசகர், சென்னை

விளக்கு வேண்டாம். நானும் ஒன்று 2,400 ரூபாய்க்கு வாங்கி ஒரு மழைக்காலம் முழுக்க எரித்தேன். காலையில் தட்டில் விட்டிலும் ஈசலும் கிடக்கும், கொசு இரண்டோ மூன்றோதான். கொசு நம் மூச்சையும் உடல் வாடையையும் தேடி வருவது, விளக்கைத் தேடி அல்ல. அந்தப் பணம் போனது போனதுதான்.

முற்றத்து வலையும் இப்போது வேண்டாம். கொசு வெளியிலிருந்து வருவதைவிட உங்கள் வீட்டுக்குள்ளேயே பிறக்கிறதா என்று பாருங்கள். இரண்டாங்கட்டில் நிமிர்த்தி வைத்த அண்டா, பின்கட்டுக் கல்தொட்டி, ஆட்டுக்கல் குழி, சருகு அடைத்த முற்றத்து நீர்ப்போக்கி, யாரும் புழங்காத கழிப்பறைக் கோப்பை. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு ஒரு கொட்டாங்கச்சித் தண்ணீர் போதும். முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, பாத்திரத்தின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஒட்டியிருக்கும் முட்டை காய்ந்தாலும் மாதக் கணக்கில் உயிரோடு கிடந்து, அடுத்த மழையில் பொரிக்கும்.

வீட்டைப் பார்த்துக்கொள்பவருக்குச் சம்பளத்தைக் கூட்டிக் கொடுத்து, வாரம் ஒரு நாள் இந்த வேலையை ஒப்படையுங்கள். அண்டாக்களைக் கவிழ்க்கச் சொல்லுங்கள். மேல்தொட்டிக்கு இறுக்கமான மூடி போடுங்கள். அப்புறம் படுக்கிற அறைகளின் ஜன்னலுக்கு மட்டும் வலை அடித்தால் போதும்.

குழந்தைக்குக் கொசுவலை வாங்கப் போகிறேன். எதைப் பார்க்க வேண்டும்?
- வாசகி, நாட்டரசன்கோட்டை

சதுர அங்குலத்துக்கு 156 கண் இருக்கிறதா என்று கேளுங்கள். மெத்தைக்கு அடியில் செருக ஒரு முழமாவது கூடுதலாக இருக்கட்டும். பகலில் தூங்கும்போதும் கட்டுங்கள், ஏடிஸ் கடிப்பது பகலில்தான்.