சாம்பாரில் இருக்கும் பருப்பு போதுமா?

கேள்வி: எனக்கு வயது 44, எடை 70 கிலோ. இரண்டரை மாதமாக 1,300 கலோரிக்குள் சாப்பிட்டு 5 கிலோ குறைத்திருக்கிறேன். ஆனால் மாடி ஏறினால் கால் துவள்கிறது, முடி கொட்டுகிறது. சைவம், முட்டை மட்டும் சாப்பிடுவேன். காலையில் 2 இட்லி, சாம்பார். மதியம் ஒரு கப் சாதம், சாம்பார், பொரியல், மோர். மாலையில் 10 பாதாம். இரவு 2 சப்பாத்தி, குருமா. புரதத்தைக் கூட்டினால் கலோரியும் ஏறிவிடாதா?

பதில்: நீங்கள் எழுதியதை அப்படியே கூட்டிப் பார்த்தேன். ஒரு நாளைக்கு 30 கிராம் புரதம்தான் தேறுகிறது. எடைக் குறைப்பில் இல்லாதவர்களுக்கே கிலோவுக்கு 0.83 கிராம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்). உங்கள் எடைக்கு அது 58 கிராம். சாப்பாட்டைக் குறைத்திருக்கும் காலத்தில் உடல் கொழுப்போடு தசையையும் எடுத்துச் செலவழிக்கும் என்பதால் தேவை இன்னும் கூடுகிறது. 70 கிராமை இலக்காக வையுங்கள். கால் துவள்வதற்கு இந்தப் பற்றாக்குறை ஒரு முக்கியக் காரணமாக இருக்கலாம்.

"தினமும் பருப்பு சாப்பிடுகிறேனே" என்று என்னிடம் சொல்லாதவர்கள் குறைவு. ஒரு கரண்டி சாம்பாரில் கரைந்திருக்கும் துவரம்பருப்பு 10, 15 கிராம்தான். அதில் புரதம் 3 கிராம் இருந்தாலே அதிகம். மீதி புளித்தண்ணீரும் காயும். சாம்பார் நல்ல உணவுதான், ஆனால் அதைப் புரதக் கணக்கில் நம்பி இருக்க முடியாது.

கலோரி ஏறாமல் இருக்க ஒரே ஒரு கணக்கு போதும்: ஒரு கிராம் புரதம் கிடைக்க எத்தனை கலோரி செலவாகிறது? பாதாமில் ஏறக்குறைய 27, இட்லியிலும் கிட்டத்தட்ட அதேதான். வேர்க்கடலையில் 23. பருப்பு, பயறு, பனீர் எல்லாம் 15, 16. முழு முட்டையில் 12. மீல்மேக்கர் என்கிற சோயா உருண்டையில் 7, முட்டை வெள்ளைக்கருவில் வெறும் 5. பாதாமைப் புரத உணவு என்று நினைத்துக் கொறிப்பது இந்தக் கணக்கில் அடிபட்டுப்போகிறது. உங்கள் 10 பாதாமில் 70 கலோரி இருக்கிறது, புரதமோ இரண்டரை கிராம். அதே 70 கலோரிக்கு ஒரு முட்டை 6 கிராம் தரும்.

ஆகவே எதையும் புதிதாகச் சேர்க்காதீர்கள், இடம் மாற்றுங்கள். காலையில் இட்லிக்குப் பதில் 50 கிராம் பச்சைப்பயறை ஊறவைத்து, இஞ்சி, பச்சைமிளகாயோடு அரைத்து இரண்டு அடை. 12 கிராம் ஆச்சு. மதியம் சாதத்தைப் பாதியாக்கி, காய்ந்த எடையில் 30 கிராம் மீல்மேக்கரைப் பொரியலில் போடுங்கள். 15 கிராம் புரதம், 100 கலோரிதான். வெந்நீரில் ஊறவைத்து, இரண்டு முறை நன்றாகப் பிழிந்துவிட்டு, மிளகு சீரகம் தூக்கலாகப் போட்டு வதக்கினால் அந்தப் பச்சை வாடை போய்விடும். சாம்பாரைக் கெட்டியாக வைத்து அடியிலிருந்து எடுத்து ஊற்றிக்கொள்ளுங்கள். மோருக்குப் பதில் ஒரு கப் தயிர். இந்த மதியச் சாப்பாட்டிலேயே 27 கிராம் வந்துவிடும்.

மாலையில் பாதாமுக்குப் பதில் ஒரு முழு முட்டையும் இரண்டு வெள்ளைக்கருவும், 13 கிராம். இரவு ஒரு சப்பாத்தி, 60 கிராம் பனீர் போட்ட கீரையோ குடைமிளகாயோ. படுக்கும் முன் ஒரு டம்ளர் டோன்டு பால். மொத்தம் 70 கிராமைத் தாண்டும். காய், எண்ணெய் எல்லாம் சேர்த்தும் 1,300 கலோரிக்குள்தான் நிற்கும், எண்ணெய் நாளுக்கு மூன்று டீஸ்பூனைத் தாண்டாத வரை. பசியும் முன்பு போல வாட்டாது, ஏனென்றால் புரதம் வயிற்றில் நின்று செரிக்கும்.

புரதம் சாப்பிட்டால் மட்டும் தசை நிற்காது, அதற்கு வேலை கொடுக்க வேண்டும். வாரம் மூன்று நாள், நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது என்று இருபது நிமிடம் செய்யுங்கள். நடைப்பயிற்சி இதற்கு ஈடாகாது.

முடி விஷயம் தனி. வேகமாக எடை குறைந்தால் இரண்டு, மூன்று மாதம் கழித்து முடி உதிர்வது வழக்கம், சாப்பாடு சரியானதும் பெரும்பாலும் நின்றுவிடும். ஆனாலும் உங்கள் வயதில் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச்சத்து இருப்பு), தைராய்டு மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கூடவே சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும். சிறுநீரகப் பாதிப்பு இருந்தால் மேலே சொன்ன அளவு பொருந்தாது, மருத்துவர் சொல்லும் அளவுதான். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் அதைக் காலையில் வெறும் வயிற்றில் போட்டுவிட்டு, மீல்மேக்கரை மதியத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சோயா அந்த மாத்திரை உடலில் சேர்வதைக் குறைக்கும்.