துருப்பு எங்கிருந்து வந்தது?

அன்புள்ள ஐயா,

தக்கலைப் பக்கம் ஒரு கல்யாண வீட்டில், முந்தின நாள் ராத்திரி ‘இருபத்தெட்டு’ என்ற சீட்டாட்டம் ஆடிக்கொண்டிருந்தோம். ஆங்கிலத்தில் ‘ட்ரம்ப்’ என்றால் துருப்புச் சீட்டு மட்டுமல்ல, மற்றவரை மிஞ்சுவதும்தான் என்றான் அக்கா மகன். படைக்குத் துருப்பு என்று சொல்கிறோமே, அதுதான் சீட்டுக்கும் வந்தது என்று அடித்துச் சொன்னார் அத்தான். யார் சொல்வது சரி?

தக்கலை வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அக்கா மகன் சொல்வதுதான் சரி. படைத்துருப்பு ‘ட்ரூப்’ என்ற சொல்லிலிருந்து வந்தது, சீட்டோடு அதற்கு உறவில்லை.

‘ட்ரம்ப்’, ‘ட்ரையம்ஃப்’ தேய்ந்து உண்டானது. வென்று திரும்பிய தளபதிக்கு ரோமில் நடத்திய ஊர்வலத்தின் பெயர் அது. 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் மற்றச் சீட்டுகளை வெல்லும் தனிச் சீட்டுகளுக்கு அதையே வைத்தார்கள். இங்கிலாந்தில் அந்தப் பெயரில் ஓர் ஆட்டமே இருந்தது. 1529இல் ஹியூ லாட்டிமர் என்ற பாதிரியார் அதை உவமையாக வைத்து கேம்பிரிட்ஜில் பிரசங்கம் செய்திருக்கிறார். (நம்மூர்க் கோயில்களில் யாராவது முயன்று பார்க்கலாம்.)

ஆனால் ‘மிஞ்சுவது’ என்றால் ருசி போய்விடுகிறது. உங்கள் ஆட்டத்தையே பாருங்கள். ஜாக்கிக்கு மூன்று புள்ளி, ஏழுக்கு ஒன்றுமில்லை. துருப்பு கிளாவர் (கிளப்ஸ்) என்றால், கையில் ஆட்டின் (ஹார்ட்ஸ்) இல்லாதவன் கிளாவர் ஏழைப் போட்டு ஆட்டின் ஜாக்கியையே வெட்டிவிடுவான். ஏழு ஏழாகவே இருக்கிறது, ஆனாலும் ஜெயிக்கிறது. ஒரு வாதம் இன்னொன்றை ‘ட்ரம்ப்’ செய்கிறது என்று ஆங்கிலத்தில் எழுதுவது இந்த அர்த்தத்தில்தான். மொழிபெயர்ப்பில் ‘விஞ்சுகிறது’ என்று பார்க்கும்போதெல்லாம் எனக்கு உறுத்தும். சீட்டாட்டத்தில் நீங்கள் சொல்லும் ‘வெட்டு’ எவ்வளவோ மேல்.

சரி, நம் துருப்பு? அது ஆங்கிலத்திலிருந்து வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. டச்சுக்காரர்கள் இதை ‘ட்ரூஃப்’ என்பார்கள். நடுவில் ‘ம்’ இல்லை பாருங்கள். ஆங்கிலேயரின் ‘கிளப்ஸ்’ நமக்குக் கிளாவர், டச்சிலும் ‘க்ளாவர்’. ஆட்டினும் அவர்களுடைய ‘ஹார்ட்டன்’ போலத்தான் ஒலிக்கிறது. 1663இலேயே கொச்சியைப் பிடித்தவர்கள். கக்கூஸ் என்ற சொல்லையே தந்தவர்கள் சீட்டுக்குத் தராமலா போயிருப்பார்கள்!

அப்புறம் ஒன்று. 1741இல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் சரணடைந்து, பிறகு அவருக்கே படை பழக்கிய டச்சுத் தளபதி டிலனாய், உங்கள் ஊருக்குப் பக்கத்தில் உதயகிரிக் கோட்டையில்தான் அடக்கமாகியிருக்கிறார். சீட்டுக்கட்டைக் கொண்டுவந்தவரே அவர்தான் என்று அத்தானிடம் சொல்லிவைக்காதீர்கள். அடுத்த கல்யாண வீட்டில் அது வரலாறாகிவிடும்.