கோதுமை சீக்கிரம் முற்றினால் விளைச்சல் குறையுமா?

பெரும்பாலும் குறையும், ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. கதிர் வரும் நாளை முக்கியமாக இரண்டு வகை மரபணுக்கள் தீர்மானிக்கின்றன. வி.ஆர்.என். மரபணுக்கள் பூக்கக் குளிர்காலம் தேவையா என்பதையும், பி.பி.டி. மரபணுக்கள் பகல் நீளத்துக்குப் பயிர் காட்டும் உணர்வையும் முடிவு செய்யும். 2டி குரோமோசோமில் உள்ள பி.பி.டி.-டி1-இன் ஒரு வடிவம் இருந்தால், பகல் நீளும்வரை காத்திருக்காமல் பயிர் பூத்துவிடும். மெக்சிகோவில் கோதுமை ரகங்களை உருவாக்கிய விஞ்ஞானி நார்மன் போர்லாக் ஆண்டுக்கு இரு முறை, வெவ்வேறு இடங்களில் விதைத்துத் தேர்வு செய்ததால்தான் இந்தக் குணம் அவர் ரகங்களில் நிலைத்தது. என் பார்வையில், பயிரின் உயரத்தைக் குறைக்கும் குட்டை மரபணுவுக்கு இணையாக முக்கியமான விஷயம் இது.

சரி, விளைச்சல்? சீக்கிரம் பூக்கும் பயிருக்குத் தூர் கட்டவும் கதிரில் சிறுகதிர்கள் உருவாகவும் நேரம் போதாது. மணிகள் குறையும். ஆனால் கங்கைச் சமவெளியில் நெல் அறுத்தபின் தாமதமாக விதைத்தால், மணி பால் பிடிக்கும் நேரத்தில் மார்ச் வெயில் தாக்கும். அங்கே முந்தி முற்றும் ரகம்தான் விவசாயிக்குக் கைகொடுக்கும்.