டிக்கெட்டை இப்போதைக்கு எடுக்காதீர்கள்: தாய்லாந்தில் ஆங்கில ஆசிரியர் வேலையும் அதற்கான காகிதங்களும்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். பி.காம். முடித்திருக்கிறீர்கள், ஆன்லைனில் 120 மணி நேர டெஃபல் (ஆங்கிலம் கற்பிக்கும் பயிற்சி) சான்றிதழ் வாங்கியிருக்கிறீர்கள், பாங்காக்கில் இருப்பதாகச் சொல்லும் ஒரு ஏஜென்சி வாட்ஸ்அப்பில் பேசி, "விசா இல்லாமலே 60 நாள் தங்கலாம், கிளம்பி வாருங்கள், மே மாதம் பள்ளி திறந்ததும் வகுப்புக்குப் போய்விடலாம், ஒர்க் பெர்மிட்டை இங்கேயே எடுத்துத் தருகிறோம்" என்று சொல்லியிருக்கிறார்கள். இதை நம்பிக் கிளம்பலாமா என்று கேட்கிறீர்கள். நான் 2011-இல் கிட்டத்தட்ட இதே பேச்சை நம்பி வந்தவள். அதனால் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், டிக்கெட்டை இப்போதைக்கு எடுக்காதீர்கள்.

60 நாள் என்பது அவர்கள் கட்டிய கதை இல்லை. 2024 ஜூலையில் இந்தியா உட்பட 93 நாட்டுக்காரர்களுக்கு அந்தச் சலுகையைக் கொடுத்தார்கள். இந்த மாதிரிச் சலுகைகள் அரசு மாறினாலும் மாறும், காலம் மாறினாலும் மாறும், அதனால் கிளம்பும் வாரத்தில் தூதரகத் தளத்தில் ஒரு முறை பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் அது ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு, வகுப்பறையில் நின்று பாடம் நடத்துவதற்கு இல்லை. பலரும் குழம்புவது இங்கேதான். விசா என்பது நாட்டுக்குள் இருக்க அனுமதி, ஒர்க் பெர்மிட் என்பது வேலை செய்ய அனுமதி. இரண்டும் வேறு வேறு துறை, வேறு வேறு அலுவலகம். ஒன்று கையில் இருப்பதால் மற்றது தானாக வந்துவிடாது, ஒர்க் பெர்மிட் கைக்கு வராத வரை நீங்கள் ஒரு வகுப்பு எடுத்தாலும் சட்டப்படி அது தப்புதான்.

ஒழுங்காக நடக்கும் வரிசை இப்படி. முதலில் பள்ளி உங்களோடு ஒப்பந்தம் போட வேண்டும். அப்புறம் பள்ளி தன் மேலிடத்திலிருந்து உங்கள் பெயருக்குக் கடிதம் வாங்க வேண்டும், அரசுப் பள்ளி என்றால் கல்வி மண்டல அலுவலகம், தனியார் பள்ளி என்றால் தனியார் கல்வி ஆணைய அலுவலகம். அந்தக் கடிதங்களை வைத்து நீங்கள் ஊரில் இருந்தபடியே நான்-இமிகிரன்ட் பி விசாவுக்கு விண்ணப்பிக்கிறீர்கள். நாங்கள் சுருக்கமாக நான்-பி என்போம். 2025 ஜனவரியிலிருந்து எல்லாத் தூதரகங்களிலும் இது இணையம் வழியாகத்தான். அந்த விசாவில் உள்ளே வந்தால் 90 நாள் கிடைக்கும். அந்த 90 நாளுக்குள் பள்ளி உங்களுக்கு ஒர்க் பெர்மிட் எடுத்து, அதைக் காட்டி இமிகிரேஷனில் ஒரு வருடம் வரை நீட்டிப்பு வாங்க வேண்டும். விசா இல்லாமல் வந்து உள்ளேயே நான்-பி-யாக மாற்றிக்கொள்ளவும் வழி இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். கையில் குறைந்தது 15 நாளாவது மீதம் இருக்க வேண்டும், 2,000 பாட் கட்டணம், பள்ளியின் காகிதங்கள் அத்தனையும் அப்போதே தயாராக இருக்க வேண்டும். ஏஜென்சி சொல்வது இந்த வழியைத்தான் என்று வைத்துக்கொண்டாலும், மாற்றி முடித்து ஒர்க் பெர்மிட்டும் வரும் வரை நீங்கள் வகுப்புக்குப் போக முடியாது. "பள்ளி திறந்ததும் போய்விடலாம்" என்று அவர்கள் சொல்லும் இடத்தில்தான் பொய் இருக்கிறது.

என் கதையைச் சொல்கிறேன். வந்து ஏழாவது வாரம். "பேப்பர் போயிருக்கிறது, வந்துவிடும்" என்று ஒவ்வொரு திங்கட்கிழமையும் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஒரு நாள் காலை இரண்டாம் பிரிவேளையில் துணைத் தலைமை ஆசிரியை வாசலில் வந்து நின்று, பேசாமல் கையை மட்டும் அசைத்துக் கூப்பிட்டார். கீழே அதிகாரிகள் வந்திருக்கிறார்களாம். என்னைப் பின்படிக்கட்டு வழியாக இறக்கி, விளையாட்டுச் சாமான்கள் வைக்கிற அறையில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார்கள். கையில் வெள்ளைப் பலகை மார்க்கர் அப்படியே இருந்தது, மூடியை வகுப்பிலேயே விட்டுவிட்டேன். மேலே என் பிள்ளைகள், மூன்றாம் வகுப்பு, நான் பாதியில் நிறுத்திய வாக்கியத்தைத் தாங்களாகவே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. முக்கால் மணி நேரம். வெளியே வந்தபோது மார்க்கர் காய்ந்து போயிருந்தது, விரலெல்லாம் மை. நான் எந்தத் திருட்டும் செய்யவில்லை, பாடம்தான் நடத்தினேன், ஆனாலும் அன்று இரவு முழுக்க அழுதேன். அதற்கு அடுத்த வாரமே அந்த இடத்தை விட்டுவிட்டு ஊர் திரும்பி, எல்லாவற்றையும் முதலிலிருந்து சரியாகச் செய்துகொண்டு மறுபடி வந்தேன். அந்த அறை உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பிடிபட்டால் என்ன ஆகும் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். பெர்மிட் இல்லாமல் வேலை பார்த்த வெளிநாட்டவருக்கு 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதம், அதோடு நாட்டை விட்டு அனுப்பிவிடுவார்கள், இரண்டு வருடத்துக்கு ஒர்க் பெர்மிட் கேட்க முடியாது. வேலைக்கு வைத்தவருக்கும் அபராதம் உண்டு, ஆனால் அவர்கள் பள்ளி அங்கேயே இருக்கும், விமானத்தில் ஏறப்போவது நீங்கள்தான். தங்கும் நாள் முடிந்தும் இருந்தால் ஒரு நாளைக்கு 500 பாட், அதிகபட்சம் 20,000. 90 நாளுக்கு மேல் ஓவர்ஸ்டே ஆகி நீங்களாகவே விமான நிலையத்தில் போய் நின்றால்கூட ஒரு வருடம் உள்ளே வரத் தடை. வழியில் பிடிபட்டால், சில நாள் ஓவர்ஸ்டே என்றாலும் ஐந்து வருடத் தடை.

இனி உங்கள் சான்றிதழ்கள். டெஃபல் நல்லதுதான், வகுப்பில் கைகொடுக்கும், ஆனால் இங்கே சட்டம் முதலில் கேட்பது இளநிலைப் பட்டம். பி.காம். போதும். பள்ளியில் கற்பிக்க ஆசிரியர் உரிமம் வேண்டும், அதைக் கொடுக்கும் அமைப்பின் பெயர் குருசபா. முதல் முறை கேட்டபோது எனக்கு ஏதோ சொந்தக்காரர் பெயரைக் கேட்ட மாதிரி இருந்தது, நம் குருவும் சபையும்தான் அது. கல்வியியல் பட்டம் இல்லாதவர்களுக்கு அவர்கள் முதலில் இரண்டு வருடத்துக்குத் தற்காலிக அனுமதி கொடுப்பார்கள், பள்ளிதான் விண்ணப்பிக்க வேண்டும். பல்கலைக்கழகத்துக்கும் மாலை நேர மொழி மையங்களுக்கும் இந்த உரிமம் தேவையில்லை, ஒர்க் பெர்மிட் மட்டும் கட்டாயம். இன்னொன்று, நம் பாஸ்போர்ட் ஆங்கிலத் தாய்மொழி நாடுகளின் பட்டியலில் இல்லை, அதனால் டோயிக் என்ற ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண் கேட்பார்கள், பெரும்பாலும் 600-க்கு மேல். வருவதற்கு முன்பே எழுதிவிடுங்கள். "நேட்டிவ் ஸ்பீக்கர் மட்டும்" என்று விளம்பரங்களில் பார்த்து மனம் உடைந்து போகாதீர்கள், அது அந்தப் பள்ளியின் விருப்பம், விசாச் சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. சம்பளத்தில் வித்தியாசம் காட்டுவார்கள், அது உண்மை, அநியாயமும்கூட.

நம் ஆட்கள் எல்லாரும் வந்து மாட்டுகிற இடம் ஒன்று இருக்கிறது, எந்த ஏஜென்சியும் அதைச் சொல்லாது. இனிஷியல். உங்கள் பட்டத்தில் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து இருக்கும். பாஸ்போர்ட்டில் அந்த எழுத்து விரிந்து அப்பா பெயராகி, குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் உட்கார்ந்திருக்கும், சிலருக்கு அந்தக் கட்டமே காலியாக இருக்கும். காகிதம் சரிபார்க்கும் அலுவலகத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அதிகாரி அம்மாவுக்கு இது இரண்டு வேறு ஆட்கள். என் காகிதங்களை அவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பட்டத்தில் இருந்த அந்த ஒற்றை எழுத்தின் மேல் பென்சில் முனையை வைத்து, "இது என்ன?" என்று கேட்டார். அது என் அப்பா என்று எப்படி விளக்குவது? பாதி தாய், பாதி ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தேன், தலையை ஆட்டிவிட்டுக் கோப்பை மூடிவிட்டார். ஊரிலிருந்து நோட்டரி முன் கையெழுத்திட்ட உறுதிமொழிப் பத்திரம், இரண்டு பெயரும் ஒரே ஆளுடையது என்று, வந்து சேர ஐந்து வாரம் ஆனது. நீங்கள் அதை இப்போதே எடுத்துக்கொள்ளுங்கள். விமான டிக்கெட், ஒப்பந்தம், மருத்துவச் சான்று, எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் இருக்கிற எழுத்துக்கூட்டல் அப்படியே வர வேண்டும், ஒரு 'ஹெச்' கூடினாலும் குறைந்தாலும் திருப்பி அனுப்புவார்கள்.

பட்டத்துக்கு மாநில அரசின் சான்றொப்பம், அதற்கு மேல் வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை, இரண்டும் ஊரிலேயே முடியும். அப்போஸ்டில் (ஓர் உலக ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகள் ஏற்றுக்கொள்ளும் சான்று முத்திரை) மட்டும் இருந்தால் போதும் என்று சொல்பவர்கள் உண்டு, நான் வந்த சமயம் தாய்லாந்து அந்த ஒப்பந்தத்தில் இல்லை, அதனால் தாய் தூதரகத்தின் சான்றும் கேட்டார்கள். உங்கள் பள்ளிக்கு எது வேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். போலீஸ் சான்றிதழைப் பாஸ்போர்ட் சேவா வழியாக எடுங்கள். மதிப்பெண் பட்டியல்களை மறக்காதீர்கள். மருத்துவச் சான்று இங்கே வந்த பிறகு எடுக்கலாம், அரை மணி நேர வேலை.

வந்த பிறகு பார்க்க வேண்டியவை கொஞ்சம். வீட்டு உரிமையாளர் நீங்கள் குடிவந்த 24 மணி நேரத்துக்குள் டிஎம் 30 என்ற, வெளிநாட்டவர் தங்குவதைத் தெரிவிக்கும் படிவத்தைப் பதிய வேண்டும், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அதைச் செய்வாரா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் இமிகிரேஷனில் உங்களைத்தான் திருப்பி அனுப்புவார்கள். 90 நாளுக்கு ஒரு முறை முகவரி தெரிவிக்க வேண்டும். வருட நீட்டிப்புக்கு 1,900 பாட், ஒரு வருட ஒர்க் பெர்மிட்டுக்கு 3,000 பாட், விண்ணப்பத்துக்கு 100. இதை யார் கட்டுவது என்று ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

ரீ-என்ட்ரி பெர்மிட்டை, அதாவது வெளியே போய்த் திரும்பி வர முன்கூட்டியே வாங்கும் அனுமதியை, மட்டும் தனியாகச் சொல்கிறேன். ஒரு வருட நீட்டிப்பு வாங்கிவிட்டோம் என்ற தைரியத்தில் அது இல்லாமல் அப்படியே ஊருக்குப் போனால், விமானம் ஏறும்போதே அந்த நீட்டிப்பு செத்துவிடும். என்னோடு வேலை பார்த்த ஒரு பையன், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று போன் வந்ததும் ராத்திரியே கிளம்பிவிட்டான். அந்த நேரத்தில் யாருக்கு இது நினைவுக்கு வரும்? பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தால் விசா இல்லை, மறுபடி முதலிலிருந்து. ஒரு முறைக்கு 1,000 பாட், பல முறைக்கு 3,800. நீட்டிப்பு வாங்குகிற அன்றே அதே அலுவலகத்தில் பல முறைக்கானதை வாங்கி வையுங்கள். பணம் அதிகம் என்று தோன்றும். இருந்தாலும் வாங்குங்கள்.

வேலையை விட்டால் நீட்டிப்பும் அன்றோடு முடிந்துவிடும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஒர்க் பெர்மிட் அந்தப் பள்ளியோடு கட்டப்பட்டது, வேறு பள்ளிக்கு அதை எடுத்துப் போக முடியாது. இதைச் சொல்லி மிரட்டுகிற முதலாளிகள் இருக்கிறார்கள். அதனால் புதிய பள்ளி காகிதங்களோடு தயாராக நிற்கும்போது மட்டும் பழையதிலிருந்து விலகுங்கள், கடைசி நாள் எது என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஒப்பந்தம் 12 மாதத்துக்கா 10 மாதத்துக்கா என்றும் பாருங்கள், மார்ச்சில் பள்ளி மூடினால் மே வரை சம்பளம் இல்லாமல் உட்கார வேண்டியிருக்கும்.

கடைசியாக அந்த ஏஜென்சி. எனக்கு உண்மையிலேயே பயமாக இருப்பது இதில்தான். ஆசிரியர் வேலை, கணினி வேலை என்று சொல்லி பாங்காக்குக்கு வரவழைத்து, வண்டியில் ஏற்றி மே சோட் என்ற தாய்லாந்து எல்லை ஊரைத் தாண்டி மியான்மரின் மியாவடிப் பக்கம் கொண்டுபோய் இணைய மோசடிக் கூடங்களில் அடைத்து வைக்கிறார்கள். 2022-லேயே இந்திய அரசு எச்சரிக்கை விட்டது. 2025 மார்ச்சில் விமானப்படை விமானங்கள் மே சோட்டுக்கு வந்து 500-க்கும் மேற்பட்ட இந்தியர்களை மீட்டுக்கொண்டு போயின. உங்கள் ஏஜென்சி அப்படிப்பட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர்களிடம் பள்ளியின் பெயரையும் முகவரியையும் கேளுங்கள். அந்தப் பள்ளியின் தொலைபேசி எண்ணை நீங்களே தேடி எடுத்துக் கூப்பிடுங்கள், அவர்கள் தருகிற எண்ணில் வேண்டாம். பள்ளி நிர்வாகியோடு வீடியோவில் பேச வேண்டும் என்று சொல்லுங்கள். விசாவுக்கான கடிதத்தின் நகலைக் கேளுங்கள், அரசு அலுவலகக் கடிதம் என்றால் தலைப்பில் கருடன் இருக்கும். விமான நிலையத்தில் யாராவது பாஸ்போர்ட்டைக் கேட்டால் கொடுக்காதீர்கள், இமிகிரேஷன் மேசையைத் தவிர வேறு எவருக்கும். இதில் எதையாவது கேட்டதும் அவர்கள் கோபப்பட்டால் அத்தோடு பேச்சை முடித்துவிடுங்கள்.

மே மாதம் தவறிவிட்டால் என்ன செய்வது என்று யோசிக்கிறீர்கள் என்று தெரிகிறது. இரண்டாம் பருவம் நவம்பர் வாக்கில் தொடங்கும், நடுவில் விட்டுப்போகிற ஆசிரியர்களின் இடங்கள் அப்போது நிறைய காலியாகும், காகிதங்களைத் தயார் செய்ய உங்களுக்கும் நேரம் கிடைக்கும். பட்டத்திலும் பாஸ்போர்ட்டிலும் பெயர் எப்படி இருக்கிறது என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். ஏஜென்சி ஒப்பந்தம் ஏதாவது அனுப்பினால், கையெழுத்துப் போடுவதற்கு முன் சம்பளம், காலம், ஒர்க் பெர்மிட் பற்றிய வரிகளை இங்கே எழுதுங்கள், தாய் மொழியில் இருந்தாலும் பரவாயில்லை, நான் படித்துச் சொல்கிறேன்.